மூன்று வேளை அளவு

8.5.2021, சனிக்கிழமை. காலை 7.40.

பக்கத்து வீட்டுக் கூட்டுறவுச் சங்கக் கணக்கர் இராஜாங்கத்தை இன்று காலை 6.15 மணிக்கு 108 வண்டி வந்து ஏற்றிச் சென்றது. நான் பால் வாங்க வாசலில் நின்றிருந்தேன். தாமாகவே நடந்து வந்து ஏறினார். என்னைப் பார்த்ததும், “பத்து நாள்ல வந்துருவேன் சார். உளுந்து காயுது, ஆடு வந்தா வெரட்டி விடுங்க” என்றார். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். ஆடு எதுவும் வரவில்லை.

மனைவி விஜயலட்சுமிக்கு நேற்று மாலை முதல் இருமல். உளுந்து புடைத்த தூசி என்கிறாள். இன்று காலை 7.30-க்குத் தெர்மாமீட்டரில் 100.2. இருமல் தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டால் இன்று இரண்டாம் நாள். இதைத் தெளிவாக எழுதி வைப்பது அவசியம். யாராவது கேட்டால் “நாலஞ்சு நாளா இருக்கும்” என்று பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

9.5.2021, ஞாயிறு.

காலை 101.4. மாலை 101. நாளை முதல் முழு ஊரடங்கு. “ஊரடங்குன்னா உங்களுக்கென்னங்க? ரிட்டையரானதுலேருந்து நீங்க அடங்கித்தான இருக்கீங்க” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

10.5.2021, திங்கள்.

எதிர்வீட்டுச் செழியன் தன் லோடு வண்டியில் எங்கள் இருவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றான். வரிசையில் 41 பேர். பரிசோதனை முடிவு இரண்டு நாளில் வரும் என்றார்கள். வரிசையில் பின்னால் நின்றவர் இருமிய ஒவ்வொரு முறையும் விஜயலட்சுமி தன் முகக்கவசத்தைச் சரிசெய்தாள், அவர்தான் ஆபத்து என்பதுபோல.

11.5.2021, செவ்வாய்.

இராஜாங்கம் காலமானார். காலை 9.50-க்குச் செய்தி வந்தது. உடல் ஊருக்கு வராதாம். பையில் சுற்றி அங்கேயே கொண்டுபோய்விடுவார்களாம். அவருடைய மகன் இருபதடி தள்ளி நின்று பார்த்தானாம், முகத்தைப் பார்க்கவில்லையாம். இதையெல்லாம் தெருவில் செழியன் உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே ஜன்னலோரம் விஜயலட்சுமி நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நடந்து போய் ஏறின மனுஷன்.

12.5.2021, புதன்.

முடிவு வந்தது. அவளுக்குத் தொற்று உண்டு. எனக்கு இல்லை.

குந்தவை மஸ்கட்டிலிருந்து பேசினாள். மகள் என்றாலும் பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள செவிலியர், அவள் சொற்படி நடப்பதே முறை. அம்மா உள்ளறையில் தனியே இருக்க வேண்டும், கொல்லைப்புற ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பகலில் முடிந்தவரை குப்புறப் படுக்க வேண்டும், நான் உள்ளே போனால் இரட்டை முகக்கவசம் அணிய வேண்டும். எழுதிக்கொண்டேன்.

சாப்பாட்டை அறை வாசலில் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுத் திரும்பியபோது கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்: “ஏங்க, என்னை அங்க அனுப்பிட மாட்டீங்கல்ல?”

“மாட்டேன், விஜயம்.”

“சத்தியமா?”

“சத்தியமாக.” பகல் 1.10.

13.5.2021, வியாழன். ஏழாம் நாள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நேற்று மாலை தஞ்சாவூரில் நான்கு கடை ஏறி இறங்கிச் செழியன் வாங்கி வந்தான். அளவெடுக்கும் முறையை இன்றே வகுத்துவிட்டேன். காலை 6, பகல் 12, மாலை 6. முப்பத்து நான்கு ஆண்டுகள் பொதுப்பணித் துறையில் வாய்க்கால் நீர்மட்டத்தை இந்த மூன்று வேளைகளில்தான் அளந்தேன். ஓய்வுபெற்ற 30.6.2005 வரை ஒரு வேளை தவறியதில்லை.

கதவை இருமுறை தட்டுகிறேன். உள்ளே செல்கிறேன். விரலில் கருவி. பிறகு கடிகாரத்தைக் கையில் பிடித்து எதிரே நின்று ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுகிறேன்.

காலை: 96. மூச்சு 18.
பகல்: 96. மூச்சு 18.
மாலை: 95. மூச்சு 19.

பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் மாலை 95 என்று கண்டபோது கருவியைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தேன். ஓர் எண்தானே குறைந்தது?

14.5.2021, வெள்ளி.

95, 96, 95. மூச்சு 18, 18, 18. காய்ச்சல் 99.8.

15.5.2021, சனி. ஒன்பதாம் நாள்.

95, 95, 94. மூச்சு மூன்று வேளையும் 18.

குந்தவையிடம் எண்களைப் படித்தேன். மூச்சை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு, “மூச்சு எண்ணுறப்ப அம்மாவுக்குத் தெரியுதாப்பா?” என்றாள். தெரியாமல் எப்படி? கடிகாரத்துடன் எதிரில் அல்லவா நிற்கிறேன்.

“அப்படி எண்ணக் கூடாதுப்பா. எண்ணுறாங்கன்னு தெரிஞ்சா யாருமே சாதாரணமா மூச்சு விட மாட்டாங்க. நாடி பாக்குற மாதிரி கையப் புடிச்சுக்கிட்டு, அவங்களுக்குத் தெரியாம மாரைப் பாத்து எண்ணுங்க.”

அளவை வெளிப்படையாக எடுப்பதுதான் என் வழக்கம் என்றேன். கட்டிய மனைவியிடம் நாடி பார்ப்பதாக ஏமாற்ற வேண்டிய அவசியம் என்ன? “ஐயோ அப்பா” என்றாள். நான் விஷயத்தை மாற்றினேன். எந்த எண்ணைக் கண்டால் மருத்துவமனையில் கவலைப்படுவார்கள் என்று கேட்டேன்.

“எதுக்குப்பா அதெல்லாம்?”

“சொல்.”

“ஆக்சிஜன் தொண்ணூத்துக்குக் கீழ போனா. மூச்சு முப்பதத் தாண்டுனா. எங்க வார்டுல நாங்க மொதல்ல பாக்குறது மூச்சத்தான். அட்மிஷன் அன்னிக்கே ரெண்டும் கெட்டு வர்றவங்கள்ல நெறைய பேரு…”

“நிறையப் பேர்?”

“அம்மாவுக்கு அப்படியெல்லாம் வராதுப்பா.”

90. 30. இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக் கோடிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

16.5.2021, ஞாயிறு.

94, 95, 94. மூச்சு 18, 19, 18. இட்லியில் ஒன்றரை அப்படியே திரும்பி வந்தது. “நாக்குக்கு ஒண்ணும் புடிக்கலீங்க.” முன்பெல்லாம் இதோடு சாம்பாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லியிருப்பாள்.

17.5.2021, திங்கள். பதினோராம் நாள்.

94, 94, 94. மூச்சு 18.

பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேள்வி கேட்டால் தலையை அசைக்கிறாள். எண் நன்றாகத்தான் இருக்கிறது. பின் ஏன் எழுதியதையே மறுபடி படித்துப் பார்க்கிறேன்? வயதானால் சந்தேகம் வரும். அவ்வளவுதான்.

19.5.2021, புதன். காலை 8.05.

நேற்றைய குறிப்பை இன்று எழுதுகிறேன். நேற்று எழுத இயலவில்லை. நாட்குறிப்பில் ஒரு நாள் தவறியது 1971-க்குப் பிறகு இதுவே முதல் முறை.

நேற்று, 18.5.2021, செவ்வாய், பன்னிரண்டாம் நாள். காலை 94, மூச்சு 18. பகல் 94, மூச்சு 18. மாலை 3.10-க்குத் தூறல் விழுந்தது. கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கக் கொல்லைக்குப் போனேன். உள்ளறை ஜன்னல் திறந்திருந்தது. அவள் கட்டிலின் விளிம்பில் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டில் தெரிந்தாள், என்னைக் கவனிக்கவில்லை. தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் முழுதும். 33.

தவறாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். 34.

கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். முகக்கவசத்தை மறந்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, மூச்சுக்கு நடுவே சொன்னாள்: “இன்னும்… ஆறு ஆகலியேங்க.”

விரலில் கருவியை மாட்டினேன். 84. காத்திருந்தேன். 83.

கேட்டேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அரை மணி நேரம் முன்னாடியே குப்புறப் படுத்துக்கொள்வாளாம். பிறகு எழுந்து ஜன்னலருகே நின்று மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விடுவாளாம். நான் கதவைத் தட்டியதும் உட்கார்ந்து, நான் எண்ணி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுவாளாம். நான் போனதும் படுத்துவிடுவாளாம். நாலு நாளாக இப்படித்தானாம்.

“ஏன், விஜயம்?”

“பையில… சுத்திருவாங்க.”

1989-இல் ஒரு கிளை வாய்க்காலில் எனக்கு இதே நிகழ்ந்தது. மேல்மடைக்காரர்கள் திருட்டுக் குழாய்களை என் ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு மணி நேரம் முன்பே அடைத்துவிடுவார்கள். நான் அளவுகோலைப் பார்க்கும்போது வாய்க்கால் நிறைந்து நிற்கும். நான் போனதும் மறுபடி திறந்துவிடுவார்கள். என் பதிவேட்டில் தண்ணீருக்குக் குறைவே இல்லை. கடைமடையில் நாற்று காய்ந்து, ஆட்கள் வந்து என் சட்டையைப் பிடித்தபோதுதான் ஒரு நாள் ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் முழங்கால் அளவுதான் இருந்தது. அதைக் கற்றவன் நான். பெற்ற பெண் சொல்லியும் கேட்கவில்லை. நாலு நாளு. பக்கத்துலயே இருந்து, கடியாரத்தப் புடிச்சுக்கிட்டு, பதினெட்டு பதினெட்டுன்னு எழுதிக்கிட்டே இருந்திருக்கேனே — என்ன மனுஷன் நான்!

வருவதற்கு மறுத்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்போது சொன்னேன்: “ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடலாம். சாயங்காலமே திரும்பிவிடலாம்.” சற்று நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை விட்டாள்.

செழியன் வண்டியை 3.50-க்கு எடுத்தான். தஞ்சாவூரில் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. எங்களுக்கு முன்னால் பதினொன்று. மூன்றாவது வண்டியிலிருந்தவரை உள்ளே கொண்டுபோகவில்லை. வேறு பக்கமாகக் கொண்டுபோனார்கள். வரிசை ஓரிடம் முன்னே நகர்ந்தது. அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

6.45-க்கு வாசலிலேயே ஒரு செவிலியர் பார்த்தார். முகக்கவசம், கண்ணாடி, மேலங்கி. கண்கள் மட்டும் தெரிந்தன. அவர் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். ஆக்சிஜன் 82. மூச்சு 34. நாடி 118. இரத்த அழுத்தம் 100/60.

அட்மிஷன் அன்றே இரண்டும்.

சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது விஜயலட்சுமி கழுத்தைத் திருப்பினாள். “ஸ்கேன்னீங்க” என்றாள். கதவு மூடிக்கொண்டது.

20.5.2021, வியாழன்.

வார்டுச் செவிலியர் மதிவதனி பகல் 2.35-க்குத் தொலைபேசியில் பேசினார். பதினைந்து லிட்டர் ஆக்சிஜன் போகிறது. மூச்சு 32. போனை அம்மாவிடம் கொடுக்கிறேன் என்றார். பிறகு அவரே திரும்பி வந்து, “பேச மாட்டேங்கறாங்கப்பா” என்றார்.

“மூச்சு முட்டுவதாலா?”

“இல்லப்பா. தலையாட்டுறாங்க. வேணாம்ங்கறாங்க.”

21.5.2021, வெள்ளி.

எனக்கு மீண்டும் பரிசோதனை செய்தார்கள். செழியனின் தாயார் ரசம் சாதம் கொடுத்தனுப்பினார். பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். தவறாக எண்ணவில்லை. நானும் அவ்வாறே செய்திருப்பேன்.

தொலைபேசி இன்று நான்கு முறை அடித்தது. இரண்டு குந்தவை. ஒன்று மின்சாரக் கட்டணம். ஒன்று தவறான எண். ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

22.5.2021, சனி. பதினாறாம் நாள்.

மூச்சு 36. ஆக்சிஜன் 85, அதுவும் மாஸ்க்கோடு. முகத்தோடு இறுக்கிக் கட்டும் வேறு கருவிக்கு மாற்றியிருக்கிறார்கள். நேற்று இரவு அவளுடைய பக்கத்துக் கட்டில் காலியானதாம். இதை நான் கேட்கவில்லை. மதிவதனி அசதியில் சொல்லிவிட்டார்.

ஓரத்தில் கோடிட்ட பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று எண்ணினேன். கிழித்தால் எண் மாறுமா?

பொய் சொல்லி அனுப்பிட்டேன். கடைசியா எங்கிட்ட சொன்ன வார்த்தை அதாயிடுமா?

23.5.2021, ஞாயிறு.

காலை முதல் தகவல் இல்லை. மாலை 5 வரை இல்லை. 5.20-க்கு நானே அழைத்தேன். எடுக்கவில்லை. 5.40. எடுக்கவில்லை. 6.05-க்கு மதிவதனி.

“மூச்சு எத்தனை?” என்று கேட்டேன்.

“அப்பா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? தெனமும் போன எடுத்ததும் எத்தனை, எத்தனைன்னே கேக்குறீங்க. நீங்க கேக்குறது ஸ்பீக்கர்ல அவங்களுக்கும் கேக்குது.”

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

“சாப்பிட்டாங்களான்னு கேளுங்கப்பா.”

“சாப்பிட்டாளா?”

“நாலு ஸ்பூன் கஞ்சி. என்னைய அதட்டுனாங்க, சூடாயிருக்குன்னு.”

அதட்டினாளாம்.

24.5.2021, திங்கள்.

பரிசோதனையில் எனக்குத் தொற்றில்லை. சாப்பிட்டாளா என்று கேட்டேன். ஆறு ஸ்பூன்.

26.5.2021, புதன். இருபதாம் நாள்.

எண்ணைக் கேட்கவில்லை. மதிவதனியே சொன்னார்: 28. ஆக்சிஜன் 91. இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது, இதே வார்டில் நன்றாக ஆகித் திடீரென்று சரிந்தவர்களும் உண்டு என்று டாக்டர் சொல்லச் சொன்னாராம். முதல் செய்தியைவிட இரண்டாவதே காதில் நிற்கிறது.

27.5.2021, வியாழன்.

அரைத் தோசை. பேச மறுப்பு.

30.5.2021, ஞாயிறு.

மூச்சு 24. சாதாரண மாஸ்க்குக்கு மாற்றிவிட்டார்கள். குந்தவையிடம் மட்டும் போனில் இரண்டு நிமிடம் பேசினாளாம். என்ன பேசினாள் என்று கேட்டேன். “அப்பா ஒழுங்கா சாப்பிடுறாரான்னு கேட்டாங்க” என்றாள் மகள். “அப்ப எங்கிட்டயே கேட்டிருக்கலாமே” என்றேன். “அத நீங்களே கேட்டுக்குங்க” என்று சிரித்தாள். சிரிக்கும் அளவுக்கு வந்துவிட்டோம் என்பதே பயமாக இருக்கிறது.

4.6.2021, வெள்ளி. இருபத்தொன்பதாம் நாள்.

விஜயலட்சுமி மாலை 4.20-க்கு வீடு திரும்பினாள். மருத்துவமனை வாசலில் மதிவதனி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்று மாலை இதே வாசலில் பார்த்த கண்கள், இன்றுதான் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். என் இளைய மகளாக இருக்கும் வயது. கை கூப்பினேன். “அவங்களுக்கு வைங்கப்பா கும்பிடு. ராத்திரி பூரா எங்ககூட சண்ட போட்டவங்க” என்றார்.

பதினொரு கிலோ குறைந்திருக்கிறாள். வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடிக்கவில்லை, செழியனின் தோளைப் பிடித்தாள். “மெதுவா ஓட்டு தம்பி” என்றாள். என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. திருவையாற்றுப் பாலங்கள் ஒவ்வொன்றையும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

6.6.2021, ஞாயிறு.

கஞ்சி கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்து மஸ்கட்டை அழைத்தாள்.

“குந்தவை, கஞ்சியில உப்பு இல்லன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.”

நான் இரண்டடி தூரத்தில் கிண்ணத்துடன் நிற்கிறேன்.

“அப்பா, கஞ்சியில உப்பு இல்லியாம்.”

போட்டேன். “இப்போது சரியா என்று கேள்” என்றேன்.

“சரியாயிருக்காம்மா?… சரியாம்ப்பா. நான் டூட்டிக்குப் போறேன், ரெண்டு பேரும் ஆள விடுங்க.”

9.6.2021, புதன்.

குளியலறை வரை நடந்து திரும்பினால் மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்ததும் தணிகிறது. ஆனால் தணிகிறவரை அந்த மூன்று, நான்கு நிமிடம் நான் எங்கே நிற்பது, எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை. நுரையீரலில் வடு இருக்குமாம். எவ்வளவு காலம் என்று யாரும் சொல்லவில்லை. காய்ச்சல் போய்விட்டது, இருமல் போய்விட்டது, அச்சம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இன்னும் பேசவில்லை.

13.6.2021, ஞாயிறு.

காலையில் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கி முடியும்வரை காத்திருந்தாள். நானும் திரும்பாமல் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஸ்கேன்னீங்க” என்றாள்.

கத்தியை நிறுத்தினேன். “ஆமாம்.”

“உள்ள இருக்கப்ப பக்கத்துக் கட்டில் மூணு தடவ காலியாச்சு. மூணு தடவையும் இதேதான் நெனச்சேன். இத்தன வருஷம் குடும்பம் நடத்திட்டு, கடைசியா இந்த மனுஷன் ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போயிட்டாரேன்னு.”

“நிஜத்தைச் சொன்னால் வந்திருப்பாயா?”

“வந்திருக்க மாட்டேன்.”

“அப்புறம்?”

வெளியே யாரோ டிராக்டரை ஓட்டிப் போனார்கள். சத்தம் அடங்கியதும் சொன்னாள்:

“நானுந்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன். பல்லக் கடிச்சுக்கிட்டு. உங்களுக்கு எவ்வளவு பயமா இருந்திருக்கும்னு அப்பல்லாம் தோணவே இல்ல. அங்க போன்ல நீங்க எத்தன, எத்தனன்னு கேட்டப்பத்தான் தோணுச்சு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். இரண்டு மூச்சு விட்டுக்கொண்டாள்.

“அடுத்த தடவ நெசத்தச் சொல்லிக் கூப்பிடுங்க. வர்றேன்.”

அடுத்த தடவை என்றால் எது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. “சரி” என்றேன்.

பிறகு பலகையை எட்டிப் பார்த்தாள். “இது என்ன வெண்டைக்காயா, அடுப்புக்கு வெட்டுன வெறகா? இங்க குடுங்க.”

கொடுத்தேன்.